சுமை தோளுக்கா, இடுப்புக்கா?
மலைநடைக்கு ஏற்ற முதுகுப்பையைத் தேர்ந்தெடுக்கும் முறை

மேற்கு வங்கத்தின் மிக உயர்ந்த இடமாகிய சந்தக்ஃபூ 3,636 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. மானேபஞ்சாங் என்னும் சிற்றூரிலிருந்து சிங்கலீலா மலைமுகட்டை ஒட்டி அதற்கு நடந்து செல்லலாம். சில ஆண்டுகளுக்கு முன்பு நாங்கள் ஐவர் அவ்வழியே சென்றோம். எங்களுள் ஒருவர் அப்பயணத்திற்கென்றே பெரியதொரு முதுகுப்பையைப் புதிதாக வாங்கியிருந்தார். கடையில் இருந்தவற்றுள் மிகப் பெரியது அது, விலையும் குறைவு. இரண்டாம் நாள் மாலை, தங்குமிடத்தில் தேநீர்க் குவளையை எடுக்க அவர் வலக்கையை நீட்டினார். கை எழவில்லை. விரல்கள் மரத்திருந்தன.

குளிர் என்றோம், களைப்பு என்றோம். எங்கள் வழிகாட்டி மட்டும் அவரை நோக்காமல் அவருடைய பையை நோக்கினார். பையை மீண்டும் அணியச் சொல்லிப் பார்த்தார். இடுப்பில் நிற்க வேண்டிய வார் பிட்டத்தின்மேல் சரிந்து கிடந்தது. பதினைந்து கிலோ எடை முழுவதும் இரண்டு தோள்வார்களில் தொங்கிக்கொண்டிருந்தது. ஊர் திரும்பியபின் மருத்துவரும் அதையே உறுதி செய்தார்: கழுத்திலிருந்து தோள் வழியாகக் கைக்குச் செல்லும் நரம்புத் தொகுதி அழுந்தியிருந்தது. கை பழைய நிலைக்கு வர ஆறு வாரங்கள் ஆயின. சுமைப்பை தூக்கும் படைவீரர்களிடம் மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கண்டுவரும் குறைபாடு இது. நண்பர் அறிந்து கொண்டது வலியின் வாயிலாக. வாசகர்கள் அதனைப் படித்தே அறியட்டும் என்பது இக்கட்டுரையின் நோக்கம்.

வேடர் தந்த வளைவு

தலைச்சுமை எடுப்போர் சும்மாடு கூட்டிக்கொள்வதை நாம் கண்டிருக்கிறோம். சுமை எலும்பில் நேராக அழுந்தாமல் பரவி அமர வேண்டும் என்ற அறிவு அதில் அடங்கியிருக்கிறது. டார்ஜிலிங், நேபாள மலைகளில் சுமைதூக்குவோர் கூடையை முதுகில் சாய்த்து, அதன் வாரை நெற்றியின் மேற்புறத்தில் மாட்டிக்கொள்வர். அவ்வார் 'நாம்லோ' எனப்படும். பழகிய கழுத்துக்கே அது பொருந்தும்.

இன்றைய முதுகுப்பை வேறொரு வழியில் வந்தது. நார்வே நாட்டின் ஓலே பெர்கன் 1908-இல் முயல் வேட்டைக்குச் சென்றபோது, தொளதொளத்த பை முதுகை உறுத்தியதாம். அவர் ஒரு மரக்கிளையை முதுகின் வடிவுக்கு வளைத்துப் பையில் பொருத்தினார் என்பர். அந்தச் சட்டமே பின்னர் அவருடைய காப்புரிமைக்கு அடிப்படையாயிற்று. பிரித்தானியப் படையினர் தம் முதுகுப்பையை இன்றும் 'பெர்கன்' என்றே அழைக்கின்றனர். 1950-களில் கலிபோர்னியாவின் டிக் கெல்டி அலுமினியச் சட்டத்தையும் இடுப்புவாரையும் இணைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1967-இல் கிரெக் லோ சட்டத்தைப் பையின் உள்ளே மறைத்து அமைத்தார். இப்போது நம் கடைகளில் கிடைக்கும் மலைநடைப் பைகளுள் பெரும்பாலானவை இந்த உட்சட்ட வகையைச் சேர்ந்தவை.

வட அமெரிக்கக் காடுகளில் வேட்டைக்குச் செல்வோர் இன்றும் புறச்சட்டப் பையையோ, சட்டத்திலிருந்து பையைப் பிரித்து இடையே சுமை ஏற்றும் அமைப்பையோ விரும்புகின்றனர். திரும்பும்போது அவர்களுடைய சுமை பன்மடங்கு ஆகிறது. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. ஆகவே நமக்குத் தேவையானது நடைக்குரிய பை மட்டுமே. ஆயினும் வேடரிடம் கற்க ஒன்றுண்டு: திரும்பும் வழியையும் எண்ணிப் பையைத் தேர்வு செய்தல். நம் குப்பையை நாமே கீழே கொண்டுவர வேண்டும். நனைந்த கூடாரம் உலர்ந்த கூடாரத்தைவிடக் கனக்கும்.

முதலில் முதுகை அளக்க

பை வாங்கச் செல்வோர் முதலில் கேட்பது "எத்தனை லிட்டர்?" என்பதே. முதலில் அறிய வேண்டியது முதுகின் நீளம். உயரமும் முதுகின் நீளமும் ஒன்றல்ல. ஒரே உயரமுள்ள இருவருள் ஒருவருக்குக் கால் நீண்டும் மற்றவருக்கு முதுகு நீண்டும் இருக்கலாம்.

அளக்கும் முறை எளிது. தலையை முன்னே குனிந்தால் பின்கழுத்தின் அடியில் ஓர் எலும்பு துருத்தித் தெரியும், அது மேற்புள்ளி. இரு கைகளையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் வைத்து, கட்டைவிரல்களைப் பின்புறம் நீட்டினால் அவை முதுகுத்தண்டைத் தொடும் இடம் கீழ்ப்புள்ளி. தையற்காரர் பயன்படுத்தும் நாடாவால், முதுகின் வளைவை ஒட்டி, இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நீளத்தை மற்றொருவர் அளக்க வேண்டும். பெரியவர்களுள் பலருக்கு இது 40 முதல் 55 சென்டிமீட்டருக்குள் அமையும்.

நல்ல பைகள் சிறியது, நடுத்தரம், பெரியது என முதுகளவில் பிரிக்கப்பட்டிருக்கும். அல்லது தோள்வாரின் இணைப்பை ஏற்றி இறக்கும் வசதி இருக்கும். எங்கள் நண்பரின் பையிலும் அவ்வசதி இருந்தது. அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. வழிகாட்டி பையின் முதுகை நான்கு விரற்கடை குறைத்தார். எங்களுள் நால்வர் அவருடைய பொருள்களைப் பங்கிட்டுக்கொண்டோம்.

இடுப்பே தூண்

இடுப்பெலும்பு உடலின் வலிமையான தாங்கி. அதன்கீழ் உள்ளவை பெரிய தசைகள். தோளோ மெல்லிய எலும்பும் நரம்பும் கூடும் இடம். ஆகவே சுமையின் பெரும்பங்கு இடுப்பில் இறங்க வேண்டும். தோள்வார் பையைப் பின்னே சாயாமல் பிடித்துக்கொண்டால் போதும். இடுப்புவார் வெறும் நாடாவாக இல்லாமல் உறுதியான மெத்தை உடையதாகவும், இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தழுவி அமைவதாகவும் இருத்தல் வேண்டும். சட்டமில்லாத பையில் இடுப்புவார் இருந்தும் பயன் குறைவு. சுமையை அதற்குக் கடத்துவது சட்டமே.

அணிவதற்கும் வரிசை உண்டு. எல்லா வார்களையும் தளர்த்திப் பையை மாட்டுக. முதலில் இடுப்புவாரைப் பூட்டி இறுக்குக. அடுத்துத் தோள்வாரை, தோளைத் தழுவும் அளவுக்கு மட்டும் இழுக்க. பின்னர், தோளின் உச்சியிலிருந்து பையின் மேற்பகுதிக்குச் செல்லும் சிறு வார்களை இழுக்க. அவை ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் நிற்பது நன்று. கடைசியாக நெஞ்சுவாரை மூச்சு தடைப்படாத அளவில் பூட்டுக. தோளுக்கும் வாருக்கும் இடையே ஒரு விரல் எளிதாக நுழைந்தால், சுமை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது எனலாம்.

மகளிருக்கென அமைந்த பைகளில் தோள்வார் வளைந்தும் இடுப்புவார் சாய்ந்தும் இருக்கும். இது வண்ணத்தில் மட்டும் அமைந்த வேறுபாடன்று. குறுகிய தோளுடைய ஆடவருக்கும் அப்பை பொருந்தக்கூடும், உடலே அளவுகோல்.

எடைக்கு ஒரு வரவு செலவு

பல நாள் நடைக்கு உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மிகாமல் சுமப்பது பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. ஒரு நாள் நடைக்குப் பத்தில் ஒரு பங்கு போதும். சந்தக்ஃபூ போன்ற உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. அங்கே ஒவ்வொரு கிலோவுக்கும் மூச்சே விலை.

60 கிலோ எடையுள்ள ஒருவரின் வரம்பு 12 கிலோ. குடிநீர் 2 கிலோ, உறக்கப்பை 1.5 கிலோ, உடைகள் 3 கிலோ, மழையாடை 0.7 கிலோ, நொறுக்குணவு 1 கிலோ, விளக்கும் மருந்தும் பிறவும் 0.8 கிலோ. ஆக மொத்தம் 9 கிலோ. மீதி 3 கிலோ. வெறும் பையே 3 கிலோ எனில் கணக்கு முடிந்தது. ஒரு கம்பளிச் சட்டையும் கூடுதலாக எடுக்க இயலாது. பை 1.5 கிலோ எனில் 1.5 கிலோ கையிருப்பு நிற்கும். 45 கிலோ எடையுள்ள கல்லூரி மாணவிக்கு வரம்பு 9 கிலோவே என்பதால், அவருக்குப் பையின் எடை இன்னும் முதன்மையானது.

இலேசானதே சிறந்தது என்று முடிவுகட்டவும் வேண்டாம். சட்டத்தையும் மெத்தையையும் நீக்கிச் செய்த மிக இலேசான பைகள், சுமை குறைந்தவர்க்கே ஏற்றவை. 12 கிலோவை அவற்றில் ஏற்றினால் பையில் மிச்சமான எடையைத் தோள் கட்டிவிடும்.

கொள்ளளவும் துணியும்

ஒரு நாள் நடைக்கு 20 முதல் 30 லிட்டர். தங்குமிடமும் உணவும் வழியில் கிடைக்கும் சில நாள் நடைக்கு 40 முதல் 50 லிட்டர். கூடாரத்தையும் சமையற்பொருளையும் தாமே சுமப்போருக்கு 60 லிட்டரும் அதற்கு மேலும். பெரிய பையில் எஞ்சும் இடம் எஞ்சி நிற்பதில்லை. வேண்டாத பொருளால் நிரம்பும்.

துணியின் தடிமன் 'டெனியர்' என்னும் அலகால் குறிக்கப்படும். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடையோ அத்தனை டெனியர். 210 டெனியர் நைலான் நடைக்குப் பெரும்பாலும் போதும். பாறையில் உரசும் அடிப்பகுதிக்கு 420 டெனியரோ அதற்கு மேலோ நன்று. துணி நீரை ஓரளவு தடுத்தாலும் தையலும் ஜிப்பும் நீரை விடும். வெளியே மழையுறையும், உள்ளே தடித்த நெகிழிப்பையும் இருந்தால் உறக்கப்பை நனையாது. குளிரில் நனைந்த உறக்கப்பை வெறும் இடர்ப்பாடு அன்று, உயிருக்கே தீங்கு.

அடுக்கும் முறை

உறக்கப்பை அடியில், கனமான உணவும் நீரும் முதுகை ஒட்டி, நடுவில், இலேசான உடைகள் அவற்றைச் சூழ, மழையாடை மேலே. கனமானது முதுகை விட்டு விலகினால் பை நம்மைப் பின்னே இழுக்கும்; அதை ஈடுசெய்ய நாம் முன்னே குனிவோம்; நாள் முழுதும் குனிந்து நடந்தால் இடுப்பு வலிக்கும். பக்கவாட்டு வார்களை இறுக்கிப் பொருள்கள் ஆடாமல் செய்க.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். 2,000 ரூபாய்ப் பை 10 நாள் நடையில் கிழிந்தால் நாளொன்றுக்கு 200 ரூபாய். 8,000 ரூபாய்ப் பை 80 நாள் உழைத்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய். வாடகை நாளொன்றுக்கு 100 ரூபாய் எனில், 80 நாள் நடப்பவருக்கே 8,000 ரூபாய் முதலீடு சமமாகும். ஆண்டுக்கு ஆறு நாள் மட்டும் நடப்பவர் அந்நிலையை அடையப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குள் நம் நாட்டின் ஈரக்காற்றில் துணியின் உட்பூச்சு பிசுபிசுத்து உரியத் தொடங்கக்கூடும். ஆகவே முதற்பயணத்திற்கு வாடகையே அறிவுடைமை. மணாலி போன்ற ஊர்களில் பை வாடகைக்குக் கிடைக்கிறது. ஆனால் அங்கும் முதுகை அளந்தே எடுக்க வேண்டும். நடை தொடரும் என்று உறுதியானபின் வாங்கலாம்.

வாங்கும்போது விலைச்சீட்டையும் உத்தரவாத அட்டையையும் பெற்றுக்கொள்க. மலைச்சிற்றூர்களில் பணப்பொறியும் கைப்பேசித் தொடர்பும் எதிர்பார்த்தபடி இருப்பதில்லை. போதிய ரொக்கம், வங்கி அட்டை, அடையாளச் சான்று ஆகியவற்றை நீர்புகாத சிறு உறையில் இட்டுப் பையின் உட்பகுதியில் வைக்க, வெளிப்பைகளில் வேண்டாம். அட்டையை முடக்குவதற்கான தொலைபேசி எண்ணை வேறொரு தாளில் குறித்து, உடன் வருபவரிடமும் கொடுத்து வைக்க.

கடையில் செய்ய வேண்டியவை

1. முதுகின் நீளத்தை வீட்டிலேயே அளந்து குறித்துச் செல்க.
2. வெறும் பையின் எடையைக் கேட்டறிக. ஐயமிருந்தால் நிறுத்துப் பார்க்க.
3. 8 முதல் 10 கிலோ எடையை உள்ளே இட்டு அணிக. வெறும் பை எல்லார்க்கும் இதமாகவே இருக்கும்.
4. இருபது நிமிடம் நடக்க. படிக்கட்டில் ஏறி இறங்குக. குனிந்து செருப்பைச் சரிசெய்து பார்க்க.
5. இடுப்புவாரை மேலும் இறுக்கவும் தளர்த்தவும் இடம் உள்ளதா எனக் காண்க. உயரத்தில் உடல் மெலியும். குளிருக்கு உடை கூடும்.
6. ஜிப்பையும் வார்ப் பூட்டுகளையும் கையுறையுடன் திறந்து மூடிப் பார்க்க.
7. வாங்கிய பையுடன், பயணத்திற்கு முன் சில வாரங்கள் ஊரிலேயே நடந்து பழகுக.

நடையின்போது கை மரத்தாலோ தோள் எரிந்தாலோ பொறுத்துக்கொள்வது வீரமன்று. அங்கேயே நின்று பையை இறக்கி, வார்களைத் திருத்த வேண்டும். அப்படியும் தீராவிடில் கோவேறு கழுதையையோ சுமைதூக்குவோரையோ அமர்த்துவதில் இழிவில்லை. அவருக்கும் ஒரு முதுகு உண்டு என்பதை நினைந்து, சுமையை அளவாகவும் கூலியை நிறைவாகவும் தருதல் நம் கடமை.

எங்கள் நண்பர் மறு ஆண்டும் மலைக்கு வந்தார். இம்முறை 45 லிட்டர்ப் பை. மொத்தச் சுமை பதினொரு கிலோ. மாலையில் தங்குமிடம் சேர்ந்ததும் தேநீர்க் குவளையை வலக்கையாலேயே எடுத்து எங்கள் அனைவருக்கும் அவரே வழங்கினார்.