மாற வேண்டியது படகா, ஆளா?

சக்கர நாற்காலியில் இருப்பவர் கடலில் பாய்மரப் படகு ஓட்ட முடியுமா? "அதெப்படி முடியும்?"னுதான் கேட்போம். முடியும்! படகை அதுக்கு ஏத்த மாதிரி செய்யணும், அவ்வளவுதான்.

என்ன கஷ்டம்?
காற்று பாயைத் தள்ளும்போது சின்னப் படகு ஒரு பக்கமாகச் சாயும். ஓட்டுபவர் எதிர்ப்பக்க விளிம்பில் உட்கார்ந்து உடம்பை வெளியே சாய்த்துச் சமன் செய்வார். திசை மாறினால் குனிந்து அடுத்த பக்கம் போகணும். கால் அசையாதவர் என்ன செய்வார்?

எப்படி மாற்றினார்கள்?
1. அடியில் கனம்: தஞ்சாவூர் பொம்மையைச் சாய்த்தால் தானே நிமிரும், அடிப்பக்கம் கனம் என்பதால். ஆஸ்திரேலியாவில் உருவான 'ஹன்சா' படகிலும் அடியில் எடை வைத்த பலகை உண்டு. எளிதில் கவிழாது.
2. தாழ்வான இருக்கை: முன்பக்கம் பார்த்து உட்காரலாம். இடம் மாற வேண்டியதில்லை.
3. கைக்கெட்டும் கருவிகள்: ஒரு குச்சியைத் தள்ளினால் சுக்கான் திரும்பும். காற்று அதிகமானால் கயிற்றை இழுத்துப் பாயை மரத்தோடு சுருட்டிடலாம்.
4. ஏறுவதற்கு: கரையில் உள்ள தூக்கி, நாற்காலியிலிருந்து படகில் இறக்கிவிடும்.

கையும் அசையாவிட்டால்?
இங்கிலாந்தின் ஹிலாரி லிஸ்டருக்குத் தலையை மட்டும்தான் அசைக்க முடிந்தது. அவர் வாயருகே, இளநீர் குடிக்கிற ஸ்ட்ரா மாதிரி குழாய்கள் இருந்தன. ஊதினால், உறிஞ்சினால் மோட்டார்கள் சுக்கானையும் பாயையும் இயக்கும். இப்படியே 2009-இல் பிரிட்டனைத் தனியாகச் சுற்றி வந்தார். 2014-இல் ஓமன் நாட்டுப் பெண் ஒருவருடன் நம் மும்பையிலிருந்து மஸ்கட் வரை போனார்! 2018-இல் மறைந்தார்.

உங்களுக்குத் தெரியுமா?
இரட்டை உடல் படகுக்கு ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' என்று பெயர். அது நம்ம 'கட்டுமரம்' என்ற சொல்தான்! அகலமாக இருப்பதால் அதிகம் சாயாது. 'இம்பாசிபிள் டிரீம்' என்ற அத்தகைய படகில் சக்கர நாற்காலியிலேயே தளத்தைச் சுற்றி வரலாம். கழுத்தெலும்பு முறிந்த ஜெஃப் ஹோல்ட், அதில்தான் 2010-இல் அட்லாண்டிக்கைக் கடந்து முடித்தார்.

செய்து பாருங்கள்!
இந்தப் பாடம் கடலுக்கு மட்டுமில்லை. 1 அடி உயரப் படிக்கு 12 அடி நீளச் சாய்தளம் இருந்தால் நாற்காலியில் வருபவர் பெரும்பாலும் தானாக ஏறலாம். அதைவிடச் செங்குத்தா இருந்தா பின்னால தள்ள ஒரு ஆள் தேவைப்படலாம். நம்ம வகுப்பறைப் படி, நூலகப் படியை ஸ்கேலால் அளந்து, எத்தனை அடி சாய்தளம் வேணும்னு கணக்குப் போடுங்க. விடையை வகுப்பாசிரியரிடம் கொடுங்கள்.

மாற வேண்டியது ஆள் இல்லை, படி!