வராத இடர்

நுழையும்முன்

ஓர் இடரை எதிர்பார்த்து உழைத்த பிறகு அந்த இடர் வராமற்போனால், ‘இதற்காகவா இத்தனை பாடுபட்டோம்?’ என்னும் கேள்வி எழுவது இயல்பு. இடர் தானாகவே விலகியதா, உழைப்பால் விலகியதா என்பதைப் பின்னாளில் பிரித்தறிவது எளிதன்று. பாலாற்றங்கரைத் தோல் தொழில் 1990களில் கண்ட ஓர் அனுபவத்தை இப்பாடம் ஆராய்கிறது.

ஜெர்மனியில் பிறந்த ஆணை

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விஷாரம் ஆகிய ஊர்களின் வாழ்வு தோலோடு பிணைந்தது. இங்குப் பதனிடப்பட்ட தோலும், தைக்கப்பட்ட காலணியும், காலணியின் மேற்பாகங்களும் ஐரோப்பாவிற்குக் கப்பலேறின. அவற்றை வாங்கிய நாடுகளுள் ஜெர்மனி முதன்மையானது. அந்நாடு 1989ஆம் ஆண்டு டிசம்பரில் ஓர் ஆணை பிறப்பித்தது. ஒரு கிலோ தோலில் 5 மில்லிகிராமுக்கு மேல் பென்டாகுளோரோபீனால் இருந்தால் அத்தோல் அங்கு விலைபோகாது என்பதே அதன் சாரம்.

இவ்வேதிப்பொருள் பூஞ்சைக்கொல்லியாகப் பயன்பட்டது. ஈரம் முற்றும் உலராத தோல் கிடங்கிலும் கப்பலிலும் வாரக்கணக்கில் அடைபட்டுக் கிடக்கும்போது பூஞ்சை படரும். படர்ந்தால் கறை விழும். கறை விழுந்தால் விலை விழும். அதைத் தடுக்க மலிவாகக் கிடைத்த மருந்து இது. ஆனால் மனித உடலுக்கு நஞ்சு. மண்ணிலும் நீரிலும் எளிதில் அழியாதது.

தடையை ஏற்பதென்றால் வேறொரு பூஞ்சைக்கொல்லியை வாங்கினால் போதும் என்று தோன்றலாம். இடர்ப்பாடு வேறிடத்தில் இருந்தது. ஆம்பூரில் தைக்கப்படும் ஒரு காலணியின் தோல் பல கைகளைக் கடந்து வருவது. தோலைச் சேர்த்தவர் ஒருவர், உப்பிட்டு அனுப்பியவர் ஒருவர், பதனிட்டவர் ஒருவர், சாயமேற்றி மெருகிட்டவர் இன்னொருவர். சிறிய ‘தோல் ஷாப்’ பலவும் பிறருடைய தோலைக் கூலிக்குப் பதனிட்டுத் தந்தன. இவர்களுள் ஒருவர் பழைய மருந்தைக் கையாண்டாலும் கடைசியில் இருப்பவரின் சரக்குத் திரும்பிவிடும். எனவே மாற்றம் ஒரு தொழிற்சாலையில் நிகழ்ந்தால் போதாது. சங்கிலி முழுவதிலும் நிகழவேண்டியிருந்தது.

சென்னையில் 1948இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் மாற்று மருந்துகளைப் பரிந்துரைத்தது. மில்லிகிராம் அளவிலான எச்சத்தைக் கண்டறியும் சோதனை முறைகளும் தேவைப்பட்டன. மாற்று மருந்துகள் விலை மிகுந்தவை. சிறு தொழிலகங்களுக்கு அச்சுமை பெரிதாகவே இருந்தது.

இரண்டாம் அலை

மூச்சுவிடுவதற்குள் 1994இல் அடுத்த ஆணை வந்தது. இம்முறை குறி, அசோ சாயங்கள். இவ்வகைச் சாயங்களுள் சில சிதைந்து, பென்சிடின் போன்ற புற்றுநோய் விளைவிக்கும் அமீன்களாக மாறக்கூடியவை. தோலைத் தொட்டிருக்கும் காலணி, கையுறை, ஆடை ஆகியவற்றில் அவை இருத்தலாகாது என்றது ஜெர்மனி. தோலுக்கு மட்டுமன்றித் துணிக்கும் இவ்விதி பொருந்தியதால் திருப்பூர், கரூர் வரை கவலை பரவியது. இந்திய அரசும் 1997இல் 70 அசோ சாயங்களைக் கையாளத் தடை விதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்குமான தடை 2002இல்தான் வந்தது. அதற்குள் பாலாற்றங்கரைத் தொழிலகங்கள் மாற்றுச் சாயங்களுக்குப் பழகிவிட்டிருந்தன.

ஏற்றுமதி அறுந்துவிடும், ஊர்கள் வெறிச்சோடும் என்று அஞ்சப்பட்டது நிகழவில்லை. ஜெர்மனி தொடர்ந்து வாங்கியது.

கணிப்பொறி உலகிற்கும் இதே போன்றதொரு கதை உண்டு. ஆண்டை இரண்டே இலக்கங்களால் குறித்துப் பழகிய கணிப்பொறிகள் 2000ஆம் ஆண்டை 1900 எனக் கொண்டு தடுமாறும் என்று உலகம் அஞ்சியது. இந்திய நிரலர்கள் பலர் நிரல்களை வரிவரியாகத் திருத்தினர். 2000 சனவரி 1 பெரிய தீங்கின்றிப் புலர்ந்தது. அச்சமே பொய் என்று பலர் நகைத்தனர். திருத்தியவர்களின் உழைப்பு அந்நகைப்பில் மறைந்துபோயிற்று. வராத இடருக்குச் சாட்சி சொல்ல யாரும் இருப்பதில்லை.

தெரியுமா?

பழைய முறையில் இப்பகுதித் தோல் ஆவாரம்பட்டை போன்ற தாவரப் பொருள்களால் பதனிடப்பட்டது. 1972இல் சீதாராமையா குழு அளித்த பரிந்துரையை ஒட்டி, அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டது. முழுமையாக மெருகிட்ட தோலை நோக்கித் தொழில் நகர்ந்தபோது குரோமியப் பதனிடலும் பெருகியது.

வந்த இடர்

இந்தக் கதையை இவ்வளவில் நிறுத்தினால் அது பாதிக் கதையே ஆகும். வாங்குவோர் அஞ்சிய நஞ்சை நீக்க இத்தனை விரைவு காட்டப்பட்ட அதே ஆண்டுகளில், அதே தொழிலகங்களின் கழிவுநீர் பாலாற்றிலும் வயல்களிலும் கலந்துகொண்டிருந்தது. தோலில் ஊறிய உப்பும் குரோமியமும் கிணறுகளில் இறங்கின. இதற்கு எதிராக வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. ஏறத்தாழ 35,000 எக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு ஒவ்வாததாகிவிட்டது என்னும் ஆய்வுத் தகவல் நீதிமன்றத்தின்முன் வைக்கப்பட்டது.

1996 ஆகஸ்டு 28இல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. தீங்கு நேருமுன் காத்தல், மாசுபடுத்தியவரே ஈடு செய்தல் என்னும் இரு கோட்பாடுகளும் நாட்டின் சட்டத்தில் அடங்கும் என்றது அத்தீர்ப்பு. ஒவ்வொரு தொழிலகமும் 10,000 ரூபாய் தண்டம் செலுத்தவும், சுத்திகரிப்பு ஏற்பாடு இல்லாதவை மூடப்படவும் ஆணையிட்டது. பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. எனினும் கரைந்த உப்பை வழக்கமான சுத்திகரிப்பு நீக்குவதில்லை. அதற்குச் செலவு மிகுந்த வேறு முறைகள் வேண்டியிருந்தன.

ஜெர்மன் ஆணைக்குச் சில ஆண்டுகளில் கிடைத்த பணிவு பாலாற்றுக்குக் கிடைக்கவில்லை. இதைத் தொழில் முனைவோரின் இரக்கமின்மை என்று மட்டும் சொல்லிக் கடப்பது முறையாகாது. சரக்கைத் திருப்பி அனுப்பும் உரிமை ஹாம்பர்க் வணிகருக்கு இருந்தது. உப்பேறிய தம் கிணற்று நீரைத் திருப்பி அனுப்ப உழவருக்கு வழியில்லை.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி அமைந்த ஆணையம், பாதிக்கப்பட்டோர் 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் எனக் கணக்கிட்டு 2001இல் இழப்பீடு வகுத்தது. அதில் எஞ்சியிருப்பதை வழங்குமாறு அதே நீதிமன்றம் மீண்டும் ஆணையிட்டது 2025 சனவரி 30இல்.