படியோலையின் தேதி

திருவெண்ணெய்நல்லூர் அவையில் சுந்தரர் வழக்கு நடந்த விதத்தைப் பெரியபுராணம் விரிவாகச் சொல்கிறது. சுந்தரர் கிழித்தது படியோலை. மூலவோலை தம்மிடம் இருக்கிறது என்றார் முதியவர். அவையோர் அதையும் உடனே ஏற்கவில்லை. சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையோடு எழுத்தை ஒப்பிட்ட பிறகே தீர்ப்புச் சொன்னார்கள்.

கணினி ஆய்வகத்தில் செயல்திட்டங்களை மதிப்பிடும்போது நம் கையில் இருப்பதும் படியோலைதான். ஒரு மாணவி மூன்று வாரம் சிறுகச் சிறுக எழுதிய நிரலைக் கிட் களஞ்சியத்தில் வைத்திருக்கிறாள். நாம் அதைக் குளோன் செய்து பார்த்தால், எல்லாக் கோப்புகளிலும் இன்றைய தேதி, ஏறக்குறைய ஒரே நிமிடம். கெடு முடிந்தபின் ஒரே மூச்சில் செய்தது என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிடத் தோன்றும். பென் டிரைவில் நகலெடுத்தால் 'மாற்றிய தேதி' மாறுவதில்லை. அந்தப் பழக்கமே நம்மை இங்கே ஏமாற்றுகிறது.

லினஸ் டொர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய கிட், கோப்பின் பெயரையும் உள்ளடக்கத்தையும் காக்கும். கோப்பு மாறிய நேரத்தைக் காக்காது. இது மறதியால் வந்ததன்று. 'மேக்' போன்ற கருவிகள், மூலநிரல் புதியதா, தொகுத்த கோப்பு புதியதா என்று நேரத்தை வைத்தே முடிவு செய்கின்றன. கிளை மாறும்போது பழைய நேரத்தோடு கோப்பு வந்து இறங்கினால், உள்ளடக்கம் மாறியிருந்தும் அவை மறுபடி தொகுக்காமல் விட்டுவிடும்.

ஆனால் ஒவ்வொரு கமிட்டிலும் நாளும் நேரமும் உண்டு. ஒரு கோப்பைக் கடைசியாகத் தொட்ட கமிட்டின் நேரத்தை 'கிட் லாக்' கட்டளையால் கேட்டறிந்து, 'டச்' கட்டளையால் கோப்பின்மேல் பொறிக்கலாம். நூறு கோப்புகள் என்றால் 'கிட் ரீஸ்டோர் எம்டைம்' என்ற பைத்தான் நிரல் இதையே மொத்தமாகச் செய்துவிடும். களஞ்சியத்தை முழு வரலாற்றோடு குளோன் செய்திருக்க வேண்டும். கடைசி கமிட்டை மட்டும் இறக்கியிருந்தால் எல்லாக் கோப்புக்கும் அந்த ஒரே நேரம்தான் கிடைக்கும்.

இப்படித் திரும்புவதும் கமிட் செய்த நேரமே. கோப்பைச் சேமித்த நேரம் அன்று. அது அப்படியே வேண்டுமென்றால் 'தார்' அல்லது 'ஜிப்' கோப்பாகக் கட்டித் தரச் சொல்லலாம். கமிட்டின் நேரமும் மாணவியின் கணினிக் கடிகாரம் சொன்னதுதான். தாய்ப்பலகையின் பேட்டரி தீர்ந்த கணினி பல ஆண்டு பின்தங்கிய தேதியைக் காட்டுவதை நம் ஆய்வகங்களிலேயே பார்க்கலாம். ஐயம் எழுந்தால் ஒப்பிட இன்னோர் ஓலை வேண்டும்: கமிட்டுகளை வரிசையாகத் திறந்து, ஏதேனும் ஒரு மாற்றத்தைக் காட்டி, ஏன் செய்தாய் என்று அவளிடமே கேட்கலாம்.