மலர்களின் நாட்காட்டி

நுழையும்முன்

பயணம் என்றதும் 'எங்குச் செல்வது?' என்ற வினாவே முதலில் எழுகிறது. பூங்காக்களைக் காணப் புறப்படுவோர்க்கு அதனினும் முந்திய வினா ஒன்று உண்டு. அது 'எப்போது செல்வது?' என்பதாகும். மலர்களுக்கெனத் தனி நாட்காட்டி இருக்கிறது. குளிரும் நீரும் கதிரவனும் சேர்ந்து எழுதும் அந்நாட்காட்டியைப் படித்து, காஷ்மீரப் பள்ளத்தாக்கிற்கு ஒரு வேனிற்பயணத்தைத் திட்டமிடக் கற்பிக்கிறது இப்பாடம்.

இரு நிலங்கள், இரு வேனில்கள்

தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் சித்திரையும் வைகாசியும் இளவேனிற்காலம். காஷ்மீர மக்களும் ஆண்டை இரண்டிரண்டு திங்கள்கொண்ட ஆறு பருவங்களாகவே பகுத்துள்ளனர். அவர்தம் இளவேனிலுக்குச் 'சோந்த்' என்று பெயர். அது மார்ச்சுத் திங்களின் நடுவில் தொடங்கி மே நடுவில் முடிகிறது. நம் இளவேனிலோ ஏப்ரல் நடுவில் தொடங்கி ஜூன் நடுவில் முடிகிறது. இந்த ஒரு திங்கள் இடைவெளியைக் கருதாமல் பயணநாளைக் குறிப்போர், காண விழைந்த மலரைக் காணாமலேயே திரும்ப நேரும்.

ஸ்ரீநகர், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,585 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. நகரின் கிழக்கே தால் ஏரியும், ஏரியின் கீழ்க்கரையை ஒட்டிச் சபர்வான் மலைத்தொடரும் உள்ளன. மலைக்கும் ஏரிக்கும் இடைப்பட்ட சரிவிலேயே புகழ்பெற்ற பூங்காக்கள் பல அமைந்திருக்கின்றன.

மலர்ச்சியின் வரிசை

பள்ளத்தாக்கில் வேனிலை முதலில் அறிவிப்பது வாதுமை மரம். ஹரி பர்வதக் கோட்டையின் அருகேயுள்ள பாதாம்வாரித் தோட்டத்தில், மார்ச்சு நடுப்பகுதியை ஒட்டி, இலைகள் தளிர்க்கும் முன்னரே கிளைகள் வெண்மையும் இளஞ்சிவப்புமாய்ப் பூத்து நிற்கும். அக்காட்சியின் ஆயுள் குறுகியது. ஒரு நாள் பெய்யும் கனமழையே மலர்களை உதிர்த்துவிடப் போதுமானது.

அடுத்து மலர்வது துலிப். சபர்வான் மலையடிவாரத்தில் ஏறத்தாழ 30 எக்டேர் பரப்பில் அமைந்துள்ள இந்திரா காந்தி நினைவுத் துலிப் பூங்கா, 2007ஆம் ஆண்டு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. வெங்காயத்தை ஒத்த குமிழ்களிலிருந்து துலிப் முளைக்கிறது. இலையுதிர்காலத்தில் அக்குமிழ்களை மண்ணில் ஊன்றுகின்றனர். குளிர்காலம் முழுவதும் அவை மண்ணுக்குள் கிடக்கும். பல வாரங்கள் தொடர்ந்து குளிரில் இருந்தால்தான் குமிழினுள் உள்ள தண்டு நீண்டு, மலர் நன்கு விரியும். நம் சமவெளிகளில் துலிப் இயல்பாகப் பூக்காமைக்கு இதுவே காரணம்.

ஒரு துலிப் மலர் இரண்டு அல்லது மூன்று வாரங்களே நிலைத்திருக்கும். ஆகவே முன்பருவம், நடுப்பருவம், பின்பருவம் எனப் பூக்கும் காலத்தில் வேறுபட்ட வகைகளைத் தோட்டப் பணியாளர் தனித்தனிப் பாத்திகளில் நடுகின்றனர். ஒருவகை வாடும்போது மற்றொருவகை விரிவதால், மார்ச்சு இறுதி தொடங்கி ஏறத்தாழ ஒரு திங்கள்வரை பூங்கா பொலிவுடன் திகழ்கிறது. ஆண்டின் பதினொரு திங்கள் உழைப்பு அந்த ஒரு திங்களில் நம் கண்முன் விரிகிறது. வெப்பம் முன்கூட்டியே உயரும் ஆண்டுகளில் மலர்ச்சியும் முந்திவிடும். அதனால் சென்ற ஆண்டின் நாளை இவ்வாண்டுக்கும் அப்படியே கொள்ளலாகாது.

ஏப்ரலில் ஆப்பிள் தோட்டங்கள் பூக்கின்றன. சினார் மரங்கள் தளிர்க்கின்றன. மே திங்களில் ரோசா மலரத் தொடங்குகிறது.

நீரால் இயன்ற பூங்காக்கள்

மலர்கள் வந்து போயினும், ஆண்டு முழுவதும் காணத்தக்கவை முகலாயர் காலப் பூங்காக்கள். பேரரசர் ஜஹாங்கீர் 1619இல் ஷாலிமார் பூங்காவை அமைத்தார். அரசி நூர்ஜஹானின் உடன்பிறந்தவரான ஆசப்கான் 1633இல் நிஷாத் பூங்காவை உருவாக்கினார். 1632இல் ஷாஜகான் காலத்தில், ஓர் இயற்கை ஊற்றைச் சுற்றிச் சஷ்மே ஷாஹி எழுந்தது.

இவற்றின் அமைப்பில் ஒரு பொறியியல் நுட்பம் அடங்கியுள்ளது. மலையிலிருந்து வரும் நீர், பூங்காவின் உச்சித்தளத்தில் நுழைகிறது. நடுக்கால்வாய் வழியே ஓடி, ஒவ்வொரு தளத்திலும் சிற்றருவியாய் வீழ்ந்து, இறுதியில் ஏரியை நோக்கிச் செல்கிறது. மேல்தளத்து நீரின் அழுத்தமே கீழ்த்தளத்து நீரூற்றுகளை மேலெழச் செய்தது. எந்திரம் எதுவுமின்றி, நிலத்தின் சரிவைக்கொண்டே நீரை ஆடவும் பாடவும் வைத்தனர் அக்காலக் கலைஞர்.

பயணத்தை வகுத்தல்

தமிழ்நாட்டு மாணவர்க்குக் கோடை விடுமுறை மே திங்களில்தான் முழுமையாகக் கிட்டுகிறது. அப்போது துலிப் முடிந்திருக்கும். அதற்காக வருந்த வேண்டியதில்லை. ரோசாவையும் சினார் நிழலையும் முகலாயப் பூங்காக்களையும் மையமாக வைத்துத் திட்டத்தை அமைத்துக்கொள்ளலாம். துலிப்பே நோக்கமெனின், கல்லூரிக் காலத்திலோ பின்னரோ ஏப்ரல் முதல் வாரத்தைத் தேர்ந்துகொள்ளலாம். விரும்பும் மலரை முதலில் முடிவுசெய்து, அதற்கேற்ப நாளைக் குறிப்பதே முறை.

கன்னியாகுமரியிலிருந்து கட்ரா செல்லும் ஹிம்சாகர் விரைவுத் தொடர்வண்டி ஏறத்தாழ மூன்று நாள்கள் ஓடுகிறது. கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூன் முதல் தொடர்வண்டி இயங்குகிறது. அவ்வழியில், ஆற்றுப்படுகையிலிருந்து 359 மீட்டர் உயரத்தில் அமைந்த செனாப் பாலத்தைக் கடக்கலாம். போக்குவரவுக்கே ஒரு வாரம் ஆகும் என்பதால், ஸ்ரீநகரில் ஐந்து நாள்களேனும் தங்கத் திட்டமிடுதல் நன்று. அங்கு வேனிலில் மழை மிகுதி. ஆதலின் ஒரு நாளை எதற்கும் ஒதுக்காமல் விட்டுவைத்தல் வேண்டும்.

நாளின் பொழுதையும் கருத வேண்டும். மலை கிழக்கே நிற்பதால் பூங்காக்களுக்குக் காலை வெயில் தாமதித்தே வருகிறது. எனவே, காலையில் பாதாம்வாரியையும் பழைய நகரையும் காணலாம். பிற்பகலில் ஷாலிமார் சென்று, மாலையில் நிஷாத்தை அடையலாம். நிஷாத்தின் மேல்தளத்தில் நின்றால், ஏரிக்கு அப்பால் கதிரவன் மறைவதைக் காணலாம்.

இவ்வாறு ஒரு பயணத்தைத் திட்டமிடும்போதே நிலவியல், தாவரவியல், வரலாறு ஆகியன நமக்குப் பாடமாகின்றன. ஒரு பாத்தியின்முன் நிற்பவர், அது எந்தக் குளிரைத் தாங்கியது, எவர் கையால் ஊன்றப்பட்டது என்பதையும் அறிந்திருந்தால், காணும் காட்சி இன்னும் ஆழமாகப் பதியும்.

தெரிந்து தெளிவோம்

ஷாலிமார், நிஷாத், சஷ்மே ஷாஹி, பரி மகால், அச்சபல், வேரிநாக் ஆகிய ஆறு காஷ்மீர முகலாயப் பூங்காக்கள், யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2010இல் இடம்பெற்றன.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் பூக்கும் மரங்களையும் அவை பூக்கும் திங்களையும் ஓராண்டு கண்டறிந்து, 'எம்மூர் மலர் நாட்காட்டி' ஒன்றை உருவாக்குக.

2. நீங்கள் காண விரும்பும் பூங்கா ஒன்றிற்கு ஐந்துநாள் பயணத்திட்டம் வகுத்து, நாள்களைத் தேர்ந்தமைக்கான காரணங்களை வகுப்பறையில் எடுத்துரைக்க.