பால் சீட்டும் நம்ம கணக்கு நோட்டும்



போன மாதம் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில், எல்லாக் குழுக்களின் சேமிப்பு, கடன் கணக்கையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவது பற்றிப் பேச்சு வந்தது. பல வருசமாகக் குழுக் கணக்கு எழுதிவரும் ஒரு அக்கா எழுந்து, "நோட்டை மூடிட்டா அப்புறம் எனக்கு என்னம்மா வேலை?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால்தான் இந்த மாதப் பாடத்தை அதை வைத்தே எழுதுகிறேன்.

எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் குழுக் கூட்டத்தில் இதை உரக்க வாசித்துக் காட்டுங்கள். நடுவில் ஒரு கணக்கு வரும். அந்த இடத்தில் நிறுத்தி, சிலேட்டில் போட்டுப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

'தகவல் முறை' என்று படித்தவர்கள் சொல்வார்கள். கேட்கப் பெரிய வார்த்தை. யார் எதை எழுதுகிறார், அது எங்கே இருக்கிறது, யார் பார்க்கலாம், அதை வைத்து யார் முடிவு எடுக்கிறார், இதெல்லாம் சேர்ந்ததுதான் தகவல் முறை. நம்ம தீர்மான நோட்டும் அதுதான், மளிகைக் கடைப் பற்று நோட்டும் அதுதான். தொழில் நடத்துகிற ஓர் இடத்தில் இதை மாற்றினால் ஆட்களின் வேலை மாறுகிறது, யார் பேச்சு எடுபடும் என்பது மாறுகிறது, சில சமயம் பணம் யார் கைக்குப் போகும் என்பதே மாறிவிடுகிறது. குஜராத் பால் சங்கங்களில் நடந்ததைச் சொன்னால் இது நன்றாக விளங்கும். நம்மில் பாதிப் பேர் காலையும் மாலையும் தூக்குவாளியோடு சொசைட்டிக்கு நடக்கிறவர்கள்தானே!

குஜராத்தின் கேடா மாவட்டத்தில் 1946ல் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம் பதிவானது. அமுல் என்று நாம் சொல்வது அங்கிருந்து வந்ததுதான். ஊருக்கு ஒரு சங்கம், மாவட்டத்துக்கு ஒன்றியம், மாநிலத்துக்கு இணையம் என்ற அந்த ஆனந்த் முறைதான் நம்ம ஆவினுக்கும் வந்தது. அதனால் அந்த ஊர்ச் சங்கத்துக்குள் போய் நின்றால் நமக்கு எதுவும் புதுசாகத் தெரியாது.

பழைய நாளில் அங்கே எப்படி என்றால், பாலை அளப்பார்கள். ஒவ்வொருவர் பாலிலும் கொஞ்சம் சாம்பிள் எடுத்துச் சின்னப் பாட்டிலில் வைப்பார்கள். பெண்கள் வெறும் வாளியோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள். கொழுப்புப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். கண்ணாடிக் குழாயில் 10 மில்லி கந்தக அமிலம், 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால் விட்டு, மெஷினில் வைத்துச் சுற்றுவார்கள். கொழுப்பு தனியாகப் பிரிந்து குழாயின் கழுத்தில் நிற்கும். அங்கே இருக்கும் கோட்டைப் பார்த்து டெஸ்டர் ஒரு எண்ணைச் சொல்வார், செயலாளர் அதை நோட்டில் எழுதுவார். பத்து நாள் போலக் கழித்துப் பட்டுவாடா. கையில் வாங்கும்போதுதான் என்ன விலை விழுந்தது என்றே தெரியும். "போன தடவை இதைவிடக் கூட வந்துச்சே?" என்று கேட்டால், "உன் பால்ல சத்து அவ்வளவுதாம்மா" என்று பதில் வரும். அந்தப் பால் எப்போதோ பட்டணத்துக்குப் போய்விட்டது. எதை வைத்து எதிர்த்துப் பேசுவது?

இனி கணக்கு. ஒரு கிலோ கொழுப்புக்கு 700 ரூபாய் விலை என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெண் ஒரு வேளைக்கு 5 கிலோ எருமைப் பால் ஊற்றுகிறார். கொழுப்பு 6 என்று விழுந்தால், அதில் 300 கிராம் கொழுப்பு இருக்கிறது. 210 ரூபாய் கிடைக்கும். அதையே 5.5 என்று எழுதினால் 275 கிராம்தான், 192 ரூபாய் 50 காசு. ஒரு வேளைக்கு 17.50 வித்தியாசம். இரண்டு வேளைக்கு 35. முப்பது நாளைக்கு 1,050 ரூபாய். ஒருவர் கோட்டைப் பார்த்துச் சொன்ன அரைப் புள்ளியில் ஒரு வீட்டின் மாதச் சந்தாவும் கடன் தவணையும் அடங்கிப் போகும்.

டெஸ்டர் எல்லோரும் திருடர்கள் என்று சொல்ல வரவில்லை. மங்கின வெளிச்சத்தில் நூறு குழாயைப் பார்க்கிறவருக்குக் கண் தவறும். ஆனால் தவறினாலும், தெரிந்தே குறைத்தாலும், ஊற்றுகிறவளுக்கு இரண்டும் ஒன்றுதான். அவள் அங்கே நின்று பார்க்கவில்லையே.

1990களின் பிற்பாதியில் குஜராத்துச் சங்கங்களில் புது ஏற்பாடு வர ஆரம்பித்தது. எலக்ட்ரானிக் தராசு, கொழுப்புப் பார்க்கும் எலக்ட்ரானிக் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், சீட்டு அடிக்கும் பிரிண்டர், எல்லாவற்றையும் ஒன்றோடு ஒன்று இணைத்து வைத்தார்கள். உறுப்பினர் தன் எண்ணைச் சொல்ல வேண்டும், அல்லது அட்டையைக் காட்ட வேண்டும். பாலை ஊற்றினால் எடை விழும். துளிப் பாலில் கொழுப்புத் தெரிந்துவிடும். தேதி, வேளை, எடை, கொழுப்பு, விலை, தொகை எல்லாம் அச்சாகிச் சீட்டு கைக்கு வரும். ஒரு ஆளுக்கு அரை நிமிசம் கூட ஆகாது.

மெஷின் வந்ததைவிட, அதற்குப் பிறகு சங்கத்துக்குள் நடந்ததுதான் நமக்குப் பாடம்.

முதலில் மாறியது செயலாளரின் இடம். அதுவரை எண் அவர் நோட்டில் இருந்தது, அதனால் எல்லோரும் அவரிடம் பணிந்து போக வேண்டியிருந்தது. இப்போது அந்த எண் ஊற்றுகிறவள் முந்தானையில் முடிந்திருக்கிறது. ஒரு வேளை கொழுப்புக் குறைந்தால், "பாட்டில் மாறிடுச்சா?" என்று சந்தேகப்பட வேண்டியதில்லை, தீனி குறைஞ்சுதா, மாட்டுக்கு மடி நோவா என்று வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம். டெஸ்டரின் அமிலக் குழாய் வேலை போயிற்று. அவரை மெஷின் கழுவ, சரிபார்க்கப் பழக்கிய இடத்தில் அவர் நிலைத்தார். 'இனி நீ வேண்டாம்' என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்? மெஷின் பழுதானால் கையால் பார்க்கத் தெரிந்த ஆள் ஊரிலேயே இல்லை என்று ஆகும். ஒன்றியத்துக்கும் வசதிதான். எந்த ஊரில் எத்தனை லிட்டர் என்பது அன்றன்றே தெரிந்தால், வண்டியை எந்த வழியில் விடுவது என்று திட்டம் போடலாம். வருசக் கடைசியில் போனஸ் கணக்குக்கும் ராத்திரி பகலாக உட்கார வேண்டாம்.

இதுவரை நல்ல கதை. மறுபக்கமும் இருக்கிறது.

மெஷினைக் கழுவாமல், அளவு சரிபார்க்காமல் விட்டால் அது தப்பாகத்தான் காட்டும். நோட்டில் தப்பு என்றால் சண்டை போடலாம். அச்சடித்த சீட்டில் தப்பு என்றால், "கம்ப்யூட்டரே சொல்லுதே" என்று நாமே வாயை மூடிக்கொள்கிறோம். டெஸ்டர் ஒருத்தருக்குத் தப்பு செய்தால், அளவு தப்பின மெஷின் ஊருக்கே தப்பு செய்யும். தராசில் அரசு முத்திரை இருக்கிறதா, கொழுப்பு மெஷினைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்று கேட்பதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், வாய் இருந்தால் போதும்.

இன்னொன்று, எனக்கு இதுதான் மிகவும் முக்கியமாகப் படுகிறது. கம்ப்யூட்டர் கேட்கும் முதல் கேள்வி 'யார் பெயர்?' என்பது. மாட்டுக்குப் புல் அறுப்பது, சாணி அள்ளுவது, பால் கறப்பது, ஊற்றுவது எல்லாம் பெண். உறுப்பினர் பெயர் மட்டும் வீட்டுக்காரர் பெயர். குஜராத்திலும் இப்படித்தான், இங்கேயும் இப்படித்தான். ரொக்கமாகக் கொடுத்த காலத்தில், வரிசையில் போய் நின்ற பெண்ணின் கைக்குப் பணம் வந்துவிடும். பால் பணம் வங்கிக் கணக்குக்குப் போகத் தொடங்கினால், அது உறுப்பினர் பெயரில் உள்ள கணக்குக்குத்தான் போகும். சீட்டு அவள் கையில், பணம் அவர் பாஸ்புக்கில்! முறையை மாற்றுகிற அந்த நேரத்திலேயே பெயரை மாற்றிக்கொண்டால்தான் உண்டு. ஏற்றி முடித்த பிறகு மாற்றப் போனால் அலைய வேண்டியதுதான். 1986-87ல் மத்திய அரசு கொண்டுவந்த 'ஸ்டெப்' திட்டத்தில் பெண்களுக்கென்றே பால் சங்கங்கள் அமைக்க உதவி கிடைத்தது. அந்தச் சங்கங்களில் உறுப்பினரே பெண் என்பதால் இந்தத் தொல்லை இல்லை.

இப்போது நம்ம நோட்டுக்கு வருவோம்.

குழுக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது நாம் கண்டுபிடித்ததல்ல. நபார்டு வங்கி 2015ல் 'இ-சக்தி' என்ற பெயரில் ஜார்க்கண்டின் ராம்கர், மகாராஷ்டிரத்தின் துலே என்ற இரண்டு மாவட்டங்களில் இதைத் தொடங்கி, பிறகு வேறு மாவட்டங்களுக்கும் கொண்டுபோனது. குழுவின் கணக்கை வங்கி இருந்த இடத்திலிருந்தே பார்க்கலாம், உறுப்பினரின் செல்போனுக்குச் சேமிப்பு, கடன் விவரம் அவர் மொழியிலேயே எஸ்.எம்.எஸ். வரும் என்பது ஏற்பாடு. வங்கி மேனேஜர் முன்னால் நோட்டு மூட்டையோடு நின்ற நமக்கு இது சின்ன விசயமில்லை.

ஆனால் என் கைத் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில வருசத்துக்கு முன்னால் ஒரு பத்துக் குழுக்களின் கணக்கை மட்டும் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தோம். ஏற்றியது நான்தான். ஒரே பெயரில், ஒரே தலைப்பெழுத்தில் இரண்டு உறுப்பினர்கள், பக்கத்துப் பக்கத்துக் குழுவில். ஒருவர் கட்டிய நான்கு தவணையை மற்றவர் பெயரில் ஏற்றிவிட்டேன். அடுத்த கடனுக்கு அவர் மனு கொடுத்தபோது, 'நான்கு தவணை பாக்கி' என்று பிரிண்ட் வந்தது. மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டிய நேரம். அவர் அழுதுகொண்டே, "நான் கட்டினேன்க்கா, கட்டினேன்க்கா" என்கிறார். கமிட்டியில் எல்லோரும் அந்தப் பேப்பரைத்தான் பார்த்தார்கள். நானும்தான். கடைசியில் குழுக் கணக்கு எழுதும் அக்கா பழைய ரொக்கப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, நான்கு தேதியையும் விரல் வைத்துக் காட்டினார். கூட்டத்தில் "நோட்டை மூடிட்டா எனக்கு என்ன வேலை?" என்று கேட்டவர் இவர்தான்.

அவருக்கு என் பதில் இதுதான். அக்கா, கூட்டிக் கழிக்கிற வேலை உங்களுக்கு இனி குறையும். ஒவ்வொரு மாதமும் கம்ப்யூட்டர் பிரிண்டை வாங்கி, குழுவில் உட்கார்ந்து, ஒவ்வொருவர் பாஸ்புக்கோடும் ஒத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலை கூடும். அந்தக் கையெழுத்து இல்லாமல் எந்தப் பிரிண்டும் கமிட்டிக்குப் போகக் கூடாது என்று தீர்மானம் போடச் சொல்லி நான் கேட்கப் போகிறேன். அந்த வேலைக்குச் சம்பளம் உண்டா, எவ்வளவு என்பதையும் அதே கூட்டத்தில் பேசியாக வேண்டும். கம்ப்யூட்டர் வாங்கக் காசு ஒதுக்குகிறவர்கள் இதற்கு ஒதுக்க மறந்துவிடுவார்கள்.

குழுவில் பேசிப் பார்க்க:

உங்கள் கணக்கில் தப்பு என்று தோன்றினால் யாரிடம் கேட்பீர்கள்? அவர் எத்தனை நாளில் திருத்த வேண்டும்?

எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினருக்கு எஸ்.எம்.எஸ்.ஸை யார் வாசித்துக் காட்டுவது? செல்போன் மகன் கையில் இருந்தால்?

உங்கள் வீட்டுப் பால் கணக்கு யார் பெயரில் இருக்கிறது?

கூட்டமைப்பு அடுத்த கூட்டத்தில் இதற்குத் தீர்மானம் எடுக்கும். எடுத்தால், முதல் மூன்று மாதம் நோட்டும் கம்ப்யூட்டரும் இரண்டுமே ஓட வேண்டும் என்பது என் யோசனை. கூட்டத்துக்கு வரும் பிரதிநிதிகள் தங்கள் குழுவில் ஒரே பெயருள்ள உறுப்பினர்கள் யார் யார் என்று எழுதி, கணவர் அல்லது தகப்பனார் பெயரோடு கொண்டுவந்து என்னிடம் கொடுங்கள்.