காவடி ஆட்டமும் பிட்ரேட்டும்

2006-ஆம் ஆண்டு விடுமுறையில் பெக்கான் நானாஸ் கோயில் திருவிழாவில் என் தாத்தா கடைசியாகக் காவடி எடுத்தார். அதைப் படம்பிடித்து டிவிடியாக்கினேன். என் கணினியில் நன்றாக ஓடியது. பாட்டி வீட்டு டிவிடி பிளேயரிலோ, தாத்தா ஆடத் தொடங்கியதும் படம் உறைந்து நின்றது. வட்டு சரியில்லை என்றேன். பிழை என்னுடையது.

பிட்ரேட் என்பது ஒரு விநாடியில் வட்டிலிருந்து படிக்கப்படும் தரவின் அளவு. டிவிடி விதிப்படி படத்திற்கு உச்சம் 9.8 மெகாபிட், ஒலியும் சேர்ந்தால் 10.08 மெகாபிட். நான் படத்திற்கு 9 வரை அனுமதித்து, ஒலியைச் சுருக்காமல் பிசிஎம் முறையில் வைத்திருந்தேன். அதற்கு 1.5. கூட்டினால் 10.5! அசைவு குறைந்த காட்சிகளில் பிட்ரேட் இறங்கியதால் தப்பித்தேன். காவடி சுழன்றபோது அது எல்லையைத் தாண்டியது. கணினிக்கு அந்த எல்லை இல்லை.

நண்பர்களே, கணக்கு எளிதுதான். ஓரடுக்கு வட்டின் கொள்ளளவு 4.7 ஜிகாபைட், அதாவது 37,600 மெகாபிட். 90 நிமிடப் படத்திற்கு 5,400 விநாடி. வகுத்தால் ஏறத்தாழ 6.96. ஏசி-3 ஒலிக்கு 0.2 கழித்து, சற்று இடமும் விட்டு, சராசரியை 6.3 என வையுங்கள். உச்சம் 8-ஐத் தாண்ட வேண்டாம். வீட்டில் பதிவு செய்த வட்டுகளைப் படிக்கப் பழைய பிளேயர்கள் திணறும். எழுதும் முன் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் சராசரியோடு உச்சத்தையும் பாருங்கள்.

மூல நாடாவை அழிக்காததால் மீண்டும் செய்ய முடிந்தது. இம்முறை தாத்தா நிற்காமல் ஆடினார். பாட்டி மறுபடியும் போடச் சொன்னார்.