பாடம் 7: கம்பியின்றிச் செல்லும் 'அ'

மாணவர்களே! ஊரில் இருக்கும் பாட்டியுடன் கைப்பேசியில் பேசுகிறீர்கள். கைப்பேசியுடன் கம்பி எதுவும் இணைக்கப்படவில்லை. ஆயினும் சொல் சென்று சேர்கிறது. அஃது எவ்வாறு? 'அ' என்னும் எழுத்தை வகுப்பறையின் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு நாமே அனுப்பி அறிவோம்.

1895ஆம் ஆண்டு கொல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் மின்காந்த அலைகளை அனுப்பிச் சுவருக்கு அப்பால் இருந்த மணியை ஒலிக்கச் செய்தார். நாமும் அவ்வழியே செல்வோம்.

அமைக்கும் முறை

இரண்டு அர்டுயினோ பலகைகள், 433 மெகாஹெர்ட்ஸ் பரப்பி ஒன்று, ஏற்பி ஒன்று ஆகியவற்றை எடுத்துக்கொள்க. ஒரு பலகையுடன் பரப்பியையும், மற்றதனுடன் ஏற்பியையும் இணைக்க. இரண்டுக்கும் 5 வோல்ட் மின்சாரம் போதும். இவ்வலையின் நீளம் ஏறத்தாழ 69 செ.மீ. அதில் கால் பங்கான 17.3 செ.மீ. நீளக் கம்பியை இரண்டிலும் அலைக்கம்பியாகப் பொருத்துக. ஏற்பியின் பலகையைக் கணினியுடன் இணைத்தால், வந்த எழுத்தைத் திரையில் காணலாம்.

செயற்படும் முறை

அலை எழுந்தால் 1, அடங்கினால் 0. கணினி 'அ'வை 224, 174, 133 என்னும் மூன்று எண்களாகக் குறிக்கிறது. ஓர் எண்ணுக்கு 8 குறிகள். ஆக 24 குறிகள்.

அலை வராதபோது ஏற்பி வெறும் இரைச்சலையே தரும். ஆதலால், செய்திக்கு முன் 1, 0 என மாறி மாறிச் சில குறிகளை அனுப்பி அதனை விழிப்பூட்ட வேண்டும். இறுதியில் ஒரு சரிபார்ப்பு எண்ணும் செல்லும். மூன்று எண்களின் கூட்டுத்தொகை 531; அதனை 256ஆல் வகுத்தால் மீதி 19. ஏற்பியின் பலகையும் இவ்வாறே கணக்கிடும். விடை பொருந்தாவிடின், ஊகித்து எழுதாது, செய்தியைத் தள்ளிவிடும். திரும்பக் கேட்க அதற்கு வழியில்லை. எனவே பரப்பி ஒரே செய்தியை மும்முறை அனுப்பும்.

நமக்கோ வாய் உண்டு. பாட்டி கூறிய சொல் விளங்காதபோது, விளங்கியதுபோல் தலையசைத்தல் வேண்டா. "இன்னொரு முறை சொல்லுங்கள், பாட்டி" என்று கேட்டல் இழுக்கன்று; அதுவே சொல்லைக் காக்கும் வழி.

சொற்பொருள்

பரப்பி – அலையை அனுப்பும் கருவி
ஏற்பி – அலையைப் பெறும் கருவி
இழுக்கு – குறை

பயிற்சி

1. ஏற்பிக்கு 224, 174, 135 ஆகிய எண்களும் சரிபார்ப்பு எண் 19உம் வந்தன. செய்தியை ஏற்கலாமா? கணக்கிட்டுக் காரணம் கூறுக.
2. பிரித்து எழுதுக: கம்பியின்றி, அலைக்கம்பி.
3. உங்களுக்கு விளங்காத தமிழ்ச்சொல் ஒன்றை வீட்டுப் பெரியவரிடம் கேட்டு, அதன் பொருளை ஐந்து வரிகளில் எழுதுக.